முதலில் வீச்சு, கடைசியில் படகு

அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் ஓயாமல் பேசுவதும் தேடுவதும் பாஸ் என்ற நன்னீர் மீனைத்தான். அதிலும் அகலவாய் பாஸுக்குத் தனி மவுசு. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிதான் அதன் பூர்வீகம். பச்சை உடல், பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும் வாய். குழம்புக்காகப் பிடிப்பதைவிட, பிடிக்கும் சுகத்துக்காகப் பிடித்து, எடை பார்த்து, மறுபடி தண்ணீரில் விடுவதே அங்கு வழக்கமாகிவிட்டது. இந்தப் பொழுதுபோக்கைச் சுற்றிப் பெரிய வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. இருபது அடி ஃபைபர் படகு, 250 குதிரைத்திறன் எஞ்சின், படகின் மேல்தட்டில் வரிசையாகக் கிடத்திய பத்துப் பன்னிரண்டு தூண்டில் கழிகள். இவற்றைப் பார்க்கும் புதியவர் ஒருவர், இது பணக்காரர் விளையாட்டு என்று ஒதுங்கிவிடுகிறார். ஆசை விடாத இன்னொருவர், முதல் வேலையாகப் படகுக்குக் கடன் வாங்குகிறார். இருவருமே வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்பது என் வாதம். இந்தக் கலையில் முதலில் வேண்டியது தண்ணீரைப் படிக்கும் அறிவு. அடுத்தது குறி தவறாத வீச்சு. மூன்றாவது, அந்த வீச்சுக்குப் பொருந்திய கருவி. படகு கடைசியில் வந்தால் போதும்.

இதற்கு முதல் சாட்சி அந்த மீனே. அகலவாய் பாஸ் நெடுந்தூரம் துரத்தி வேட்டையாடுவதில்லை. பெரும்பாலும் ஒளிந்திருந்து தாக்கும். நீர்ச்செடிகளின் ஓரம், மூழ்கிய மரத்தின் நிழல், படகுத்துறைக் கால்களின் இடுக்கு, தரை சட்டென்று ஆழத்தில் இறங்கும் விளிம்பு ஆகியவை அது காத்திருக்கும் இடங்கள். இரை அருகே வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிடும். பருவத்துக்கு ஏற்ப இடமும் மாறும். வசந்தத்தில் தண்ணீர் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது ஆழம் குறைந்த கரையோரம் வந்து கூடு கட்டும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருப்பது ஆண் மீன். கோடை வெயிலில் அடர்ந்த நிழலுக்கோ ஆழத்துக்கோ போய்விடும். குளிர்காலத்தில் உடல் இயக்கம் மந்தமாகி, பக்கத்தில் மெல்ல நகரும் இரையை மட்டும் எடுக்கும். ஆக, ஓர் ஏரியின் பெரும்பகுதி எந்த நாளிலும் மீன் இல்லாத தண்ணீர்தான். வட கரோலினாவைச் சேர்ந்த பக் பெரி என்ற தூண்டில்காரர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதையே ஒரு முறையாக வகுத்துக் கற்பித்தார். மீனின் வீடு ஆழத்தில் இருக்கிறது, கரைப்பக்கம் வந்துபோக அது தரையின் மேடுபள்ளங்களை வழியாகக் கொள்கிறது என்பது அவர் கொள்கை. அணை கட்டித் தேக்கிய அமெரிக்க நீர்த்தேக்கங்களில் இது நன்றாகவே தெரியும். அங்கே தண்ணீருக்கு அடியில் பழைய ஆற்றின் தடமும், வெட்டிய காட்டின் அடிமரங்களும், கைவிட்ட சாலைகளும் கிடக்கின்றன. அந்தத் தரையை வரைபடத்தில் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டவருக்குத் தேடவேண்டிய பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. எந்த எஞ்சினும் இந்த வேலையைச் செய்து தராது.

இரண்டாவது சாட்சி வரலாறு. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமெரி ஏரியில் ஜார்ஜ் பெரி என்ற ஏழை விவசாயி, கையால் செய்த மரப்படகில் நண்பருடன் இருந்தபடி, 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள அகலவாய் பாஸைப் பிடித்தார். நம் கணக்கில் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். பொருளாதார மந்தத்தின் மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று அது. மீன் வீட்டுக்கு உணவானது. அதன் பிறகு நைலான் நரம்பு வந்தது, கார்பன் இழைக் கழி வந்தது, ஒலியலையால் நீரடியைக் காட்டும் சோனார் வந்தது. ஆனாலும் அந்தச் சாதனைக்கு இணை வர 2009 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல் எடை காட்டியது. முந்த வேண்டுமானால் இரண்டு அவுன்ஸாவது கூடியிருக்க வேண்டும் என்பது விதி என்பதால், இருவரும் சாதனையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒற்றை மீன் அதிர்ஷ்டத்தில் வந்து மாட்டலாம், அதை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் 1971இல் நடந்ததைப் பாருங்கள். இன்றைய பாணி அமெரிக்க பாஸ் போட்டிகளைத் தொடங்கி வைத்த ரே ஸ்காட், முதல் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' போட்டியை நெவாடாவின் மீட் ஏரியில் நடத்தினார். எந்த ஏரி என்பது போட்டியாளர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படகு. கொண்டுவரும் செயற்கை இரைகளுக்கும் கருவிகளுக்கும் பத்துப் பவுண்டு எடை வரம்பு. கருவி வித்தியாசம் இப்படி அடிபட்டுப் போன பிறகும் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடைவெளி இருக்கத்தான் செய்தது. பாபி மரே 10,000 டாலரைத் தட்டிச் சென்றார். அந்த இடைவெளிக்குப் பெயர்தான் திறமை.

இனி வீச்சைப் பார்ப்போம். பாஸ் தூண்டிலில் இரண்டு வகை ரீல்கள் உண்டு. ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றிய உருளை நகராது. நரம்பு அதன் விளிம்பிலிருந்து வளையம் வளையமாகக் கழன்று போகும். ஏழு கிராமுக்குக் குறைந்த லேசான இரைகளுக்கு அதுவே ஏற்றது, புதியவர் கைக்கும் அது எளிது. பெய்ட்காஸ்டிங் ரீலில் வீசும்போது உருளையே சுழலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியின் கடிகாரத் தொழிலாளர் ஜார்ஜ் ஸ்னைடர் பல்சக்கரம் வைத்துச் செய்த ரீல்களின் வழிவந்தது இது. கனமான இரையைக் குறிபார்த்துப் போட இதற்கு நிகர் கிடையாது. ஆனால் பறக்கும் இரை காற்றில் வேகம் இழந்த பிறகும் உருளை பழைய வேகத்திலேயே சுழன்றால், வெளியேற வழியில்லாத நரம்பு உள்ளேயே பொங்கிச் சிக்காகிவிடும். இதைத் தடுக்கக் காந்த பிரேக்கும் இறுக்கத் திருகும் இருக்கின்றன. கட்டைவிரல் பொத்தானை அழுத்தினால் இரை மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். திருகை அந்த அளவுக்கு இறுக்கித் தொடங்குங்கள். விரல் பழகப் பழகத் தளர்த்திக்கொள்ளலாம். கடைசிப் பிரேக் எப்போதும் உங்கள் கட்டைவிரல்தான்: இரை தண்ணீரைத் தொடும் கணத்துக்கு முன் உருளையை மெல்ல அழுத்தினால், சிக்கும் வராது, 'தொப்'பென்ற சத்தமும் எழாது. பலம் கொடுத்து எறிவது இன்னொரு தவறு. வளைந்த வில் நிமிரும்போது அம்பைத் தள்ளுவதுபோல, கழி வளைந்து நிமிர்ந்துதான் இரையை அனுப்புகிறது. பின்னால் கொண்டுபோகும்போது இரையின் எடை கழி நுனியை வளைக்க விடுங்கள். முன்னால் கொண்டுவர மணிக்கட்டும் முழங்கையும் போதும், தோள் வேண்டாம்.

எவ்வளவு தூரம் என்பதைவிட எவ்வளவு குறியாக என்பதே முக்கியம். ஆழமான திறந்த தண்ணீரில் மூழ்கும் இரையை நீண்ட நேரம் அடியில் இழுக்க நெடுவீச்சு உதவும், மறுக்கவில்லை. ஆனால் மீன் மரநிழலிலோ படகுத்துறைக்கு அடியிலோ இருக்கும்போது, அரையடி தள்ளி விழும் இரை அதன் கண்ணில் படாமலே போகலாம். கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் 1970களில் இதை நிரூபித்தார். கோரைப்புதரின் இடுக்குகளில் நெடுங்கழி கொண்டு இரையை நேராக இறக்கும் பழைய பழக்கம் அங்கே இருந்தது. நெடுங்கழிக்குப் போட்டிகளில் எதிர்ப்பு எழுந்தபோது, அவர் ஏழரை அடிக் கழியோடு, இடது கையால் நரம்பை இழுத்துப் பிடித்து, இரையை ஊஞ்சலாட்டிச் சத்தமில்லாமல் இடுக்கில் விடும் முறையாக அதை மாற்றினார். 'ஃபிளிப்பிங்' என்று இன்று அதற்குப் பெயர். எட்டும் தூரமோ ஐந்தாறு மீட்டர்தான். அதைக் கொண்டே அவர் 1975இல் ஆர்க்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரிப் போட்டியில் வென்றார், நாடே அந்த முறையைக் கற்றுக்கொண்டது. ஆகவே பயிற்சி ஏரியில் தொடங்க வேண்டியதில்லை. முள்ளில்லாத எடை ஒன்றைக் கட்டி, முற்றத்திலோ மைதானத்திலோ ஒரு தட்டை வைத்து, பத்து மீட்டரில் தொடங்கிப் பதினைந்துக்குப் போகலாம். தட்டில் விழ ஆரம்பித்த பிறகு, கிளைக்குக் கீழே நுழைவதுபோலத் தாழ்வாக வீசப் பழகுங்கள். காற்றுள்ள நாளில் கைகொடுப்பதும் அந்தத் தாழ்வீச்சுதான்.

கருவியின் வேலை இந்த வீச்சுக்குத் துணை நிற்பது. கழி, ரீல், நரம்பு, இரை நான்கும் ஒரே எடைக் கணக்கில் பொருந்த வேண்டும். கனத்த கழியில் நான்கு கிராம் இரையைக் கட்டினால் கழி வளையாது, வளையாத கழி வீசாது. தொடங்குகிறவருக்கு இரண்டு கழிகள் போதும். நடுத்தர வலுவுள்ள ஆறரை அல்லது ஏழு அடி ஸ்பின்னிங் கழி ஒன்று, லேசான இரைகளுக்கு. சற்று வலுக்கூடிய ஏழடி பெய்ட்காஸ்டிங் கழி ஒன்று, பத்து முதல் இருபது கிராம் இரைகளுக்கு. நரம்பிலும் குணம் அறிந்து தேர வேண்டும். நைலான் நரம்பு இழுபடும். தவறைப் பொறுத்துக்கொள்ளும், விலையும் குறைவு. ஃப்ளோரோகார்பன் மூழ்கும், தெளிந்த தண்ணீரில் கண்ணுக்கு அதிகம் தெரியாது. பின்னல் நரம்பு கிட்டத்தட்ட இழுபடாது. அடர்ந்த செடிக்குள்ளிருந்து மீனை இழுத்தெடுக்க அதைத்தான் நம்ப வேண்டும். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கை, நரம்பு அறும் பலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். செயற்கை இரைகளில் முதலில் வாங்க வேண்டியது மென்பிளாஸ்டிக் புழு. ஒஹாயோவில் நிக் கிரீம் என்பவர் 1949இல் வீட்டுச் சமையலறையில் வார்த்தெடுத்தது. நுனியில் கூம்பு எடையைக் கோத்து, முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடலுக்குள் புதைத்து மறைத்துவிட்டால், செடியிலும் கட்டையிலும் சிக்காமல் மீன் இருக்கும் இடத்துக்கே போகும். மலிவானதே போதுமா என்று கேட்டால், எல்லாவற்றிலும் போதாது. கரகரக்கும் ரீலும், மழுங்கிய முள்ளும், வெயிலில் பழுதான நரம்பும் உழைப்பை வீணாக்கும். இவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இருபதாவது நிறத்தில் இன்னொரு இரை வாங்குவதில் மிச்சம் பிடியுங்கள்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படகு கடைசி என்றால், வெற்றி பெறும் தொழில்முறை வீரர்கள் ஏன் எல்லாரும் ராட்சதப் படகில் போகிறார்கள்? காரணம், அவர்கள் நேரத்தோடும் போட்டியிடுகிறார்கள். ஒரு நாளில் ஐந்து பெரிய மீன் சேர்க்க, பல மைல் தள்ளியுள்ள இடங்களுக்குத் தாவ வேண்டும், மீனை உயிரோடு எடைமேடைக்குக் கொண்டுவரக் காற்றூட்டிய தொட்டி வேண்டும். அந்தத் தேவை அவர்களுடையது. ஞாயிறு காலை ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போகிறவர் ஒரு வளைகுடாவை நிதானமாகப் படித்தாலே அரைநாள் போய்விடும். பாஸுக்கென்றே கட்டிய முதல் படகாகச் சொல்லப்படுவது, லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் 1948இல் ஒட்டுப்பலகையால் செய்த சிறிய 'ஸ்கீட்டர்' படகு. இன்றும் பன்னிரண்டு, பதினான்கு அடி தட்டையடி அலுமினியப் படகும் முன்னால் ஒரு மின்மோட்டாரும் இவருக்குப் போதும். படகில் பார்க்க வேண்டியவை மூன்று: நின்று வீசும்போது சாயாத அகலம், காற்றுக்கு எதிரே ஓரிடத்தில் நிறுத்தும் வசதி, பெட்டியோ துடுப்போ விழுந்தாலும் ஒலிக்காத தளவிரிப்பு. உயிர்காப்பு அங்கி இவற்றுக்கெல்லாம் முன்னால். எஞ்சின் வைத்த படகானால், ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றையும் மாட்டியே ஆக வேண்டும். 26 அடிக்கும் குறைந்த படகுகளுக்கு இதை அமெரிக்கக் கூட்டரசு 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு சோனார். 2018இல் சந்தைக்கு வந்த, முன்னோக்கி நேரடிப் படம் காட்டும் கருவி, படகுக்கு முன்னால் மீன் நீந்துவதையும் இரை அதை நெருங்குவதையும் திரையில் அப்படியே காட்டுகிறது. தண்ணீரைப் படிக்கும் அறிவு இனி எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. இந்தக் கருவி ஆட்டத்தை உண்மையிலேயே மாற்றிவிட்டது. போட்டி அமைப்புகள் அதற்கு வரம்பு விதிக்கத் தொடங்கியதே அதற்கு அத்தாட்சி. ஆனால் அது என் வரிசையைக் கலைக்கவில்லை. திரையைத் திருப்பும் திசையைத் தேர்ந்தெடுக்கப் பருவமும் தரையும் தெரிந்திருக்க வேண்டும். திரையில் தெரியும் மீனின் முகத்துக்கு முன்னால் இரையைப் போட, முன்னைவிடக் கூர்மையான வீச்சு வேண்டும். இரை பக்கத்தில் வந்தும் மீன் திரும்பிப் போவதை அது காட்டுமே தவிர, ஏன் திரும்பியது என்று சொல்லாது.

இந்தக் கலை நம் பக்கமும் வந்துவிட்டது. பாஸுக்காக உருவான தவளை வடிவ இரையையும் பெய்ட்காஸ்டிங் ரீலையும் கொண்டு, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மலேசியாவிலும் இளைஞர்கள் விரால் பிடிக்கிறார்கள். பொருத்தமான தேர்வுதான்: விராலும் செடிக்கடியில் பதுங்கித் தாக்கும் மீன், குஞ்சுகளைக் காக்கும் மீன். குஞ்சுக் கூட்டம் மேலே சிவந்து மிதக்கும் இடத்தில் தாய் தந்தையைக் குறிவைக்காமல் விடுவது மட்டும் நாம் கூட்டிக்கொள்ள வேண்டிய ஒழுங்கு. பாஸ் மீனை நம் குளங்களில் கொண்டுவிட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வர வேண்டாம். 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விட்ட பாஸ் பின்னர் நாடெங்கும் பரவி உள்ளூர் மீன்களை அழித்ததால், 2005 முதல் அதை வளர்ப்பதற்கும் உயிரோடு கொண்டுசெல்வதற்கும் அங்கே சட்டத் தடை இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசையை மட்டும். கையில் கொஞ்சம் பணமும் ஒரு பருவம் அவகாசமும் இருப்பவர், முதல் மாதத்தைக் கரையில் நடந்து தண்ணீரைப் பார்ப்பதில் செலவிடட்டும். அடுத்த மாதத்தைத் தட்டில் குறி வைப்பதில். பிறகு ஒரு நல்ல கழியும் ரீலும் வாங்கட்டும். அதன் பிறகும் கரையிலிருந்து எட்டாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே மீன் இருப்பதற்குக் காரணமும் தெரிகிறது என்று அவரால் சொல்ல முடிந்தால், அன்று படகு விலை விசாரிக்கலாம்.