விரலுக்கேற்ற வீக்கம், காலுக்கேற்ற பலகை

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



“அந்தியூர்ல நின்னுக்கிட்டு பனிச்சறுக்கு பத்திப் பேசறானே, வெயில் தலைக்கேறிடுச்சா?” என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. நியாயம்தான். ஆனால் நம் கல்லூரியில் படித்தவர்கள் இன்று மியூனிக்கிலும் டொரண்டோவிலும் இருக்கிறார்கள். இங்கிருந்து குல்மர்க், அவுலி போய் வருகிறவர்களும் உண்டு. இரண்டு மூன்று குளிர்காலம் சறுக்கிப் பழகியதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “சொந்தமா ஒரு ஜோடி ஸ்கீ வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லதுங்க?”

எது நல்லது என்று கேட்பதைவிட, எனக்கும் நான் போகும் மலைக்கும் எது பொருந்தும் என்று கேட்பதே சரி. இதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. மலைக்காட்டில் மேயப் பர்கூர் மாடு, சமவெளியில் ஏர் பூட்டக் காங்கேயம் காளை. குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கப் போனாலும், ஓட்டப் போவது யார் என்பதைத்தான் முதலில் யோசிக்கிறோம்.

‘ஆல் மவுண்டன்’ ஸ்கீ என்பது பல வகைப் பனிக்கும் ஓரளவு ஒத்துப்போகும் பலகை. அதில் பார்க்க வேண்டியவை மூன்று அளவுகள்.

முதலாவது, பலகையின் இடுப்பு அகலம். புதுப்பனியில் அகலம் கூடினால் பரப்பு கூடும், அழுத்தம் குறையும், பலகை மிதக்கும். ஆனால் இறுகிய பனியில் பலகையைச் சாய்த்து அதன் விளிம்பில் நிற்க வேண்டும். அகலம் கூடக்கூட விளிம்பு காலின் நடுக்கோட்டிலிருந்து விலகிப் போகும். அந்தத் திருப்புவிசையைத் தாங்குவது உங்கள் கணுக்காலும் முழங்காலும்தான். இயந்திரம் சமன்செய்த சரிவில் பெரும்பாலும் சறுக்கும் நடுத்தரத் திறனுள்ளவருக்கு 80 முதல் 90 மில்லிமீட்டர் போதுமானது. 100-க்கு மேல் போவது புதுப்பனியைத் தேடிப் போகிறவர்களுக்கு.

இரண்டாவது, நீளம். மூக்குக்கும் நெற்றிக்கும் இடைப்பட்ட உயரம் நல்ல தொடக்கம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 160 முதல் 168. எடை குறைவானவர், நிதானமாகப் போகிறவர் குட்டையான பக்கம் சாயலாம்.

மூன்றாவது, திருப்ப ஆரம். 1993-இல் சுலோவேனியாவின் எலான் நிறுவனம் இடுப்பை நன்றாக ஒடுக்கி எஸ்.சி.எக்ஸ். என்ற பலகையைக் கொண்டுவந்தது. அதன்பின் சாய்த்தாலே வளைந்து திரும்பும் பலகைகள் பரவின; கற்பதும் எளிதாயிற்று. நமக்கு 14 முதல் 17 மீட்டர் ஆரம் வசதி. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட காஷ்மீரின் ஆரிஃப் கான் இறங்கிய ஜெயண்ட் ஸ்லாலம் போட்டியில், ஆண்களுக்கான விதி 193 சென்டிமீட்டர் நீளம், 30 மீட்டர் ஆரம். அந்தப் பலகை நம்மிடம் வந்தால் அது போகும் திசையில்தான் நாம் போக வேண்டியிருக்கும்!

பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ‘டைட்டனால்’ என்று போட்டிருந்தால் டைட்டானியம் என்று நினைப்பார்கள். அது அலுமினியக் கலப்புலோகம். இரண்டு முழுத் தகடு வைத்த பலகை வேகத்தில் அதிராது. மெதுவாகப் போகிறவருக்கோ வளைந்து கொடுக்காது.

இனி மலைக்கு வருவோம். குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இளஞ்சரிவுகள் உண்டு. 2005-இல் திறந்த இரண்டாம் கட்டக் கேபிள்கார் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். அங்கே பெரும்பகுதி சமன்செய்யாத காட்டுப்பனி. 2024 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் ஒரு வெளிநாட்டவர் உயிரிழந்தார். அகலமான பலகை பனியில் மிதக்க உதவும், பனிச்சரிவிலிருந்து காப்பாற்றாது. வழிகாட்டியும் பனிச்சரிவுக் கருவிகளும் பயிற்சியும் இல்லாமல் மேலே போக வேண்டாம்.

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முக்கியம்: பைண்டிங். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமான நெம்புகோலைக் காலில் கட்டிக்கொண்டு விழுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். விழும்போது பூட்ஸைச் சரியான விசையில் விடுவிப்பது பைண்டிங்கின் வேலை. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்து ஐ.எஸ்.ஓ. 11088 அட்டவணைப்படி அதைத் திருகி வைப்பார்கள். கடைக்காரர் கேட்கும்போது கௌரவம் பார்த்து “நான் வேகமா போறவனுங்க” என்றால் எண் கூடும். விழும்போது பலகை கழலாமல் எலும்பு முறியலாம். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் ஓடும்போதே கழலும். சரியாக வைத்தாலும் முழங்கால் தசைநார் காயத்தை பைண்டிங் முழுதும் தடுத்துவிடாது. ஆகவே மற்றவர் பலகையை இரவல் வாங்கி, அளவு மாற்றாமல் மாட்டிக்கொண்டு போகவே கூடாது. எல்லா பூட்ஸும் எல்லா பைண்டிங்குக்கும் சேராது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் காலுக்குச் சரியான பூட்ஸ். அடுத்து இரண்டு மூன்று பலகைகளை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது. அதன்பிறகே வாங்குவது. வருடத்தில் ஒரு வாரம்தான் போவீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம்; வாடகையே லாபம்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் பனியைப் பார்க்காமலே போகலாம். ஆனால் மோட்டார், பம்ப், கம்ப்யூட்டர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கணக்கு இதேதான்: வேலை என்ன, இடம் எது, கையாளப் போவது யார். அதில் நம்மைப் பற்றிய அளவை உண்மையாகச் சொல்வதுதான் கஷ்டம். விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது அதைத்தான்.