ஏன் என்று கேட்பவர்களாக இருங்கள்

இன்று சட்டத்தில் பட்டம் பெறும் இளையோரே,

உங்களில் பலர் விரைவில் கறுப்புக் கோட்டுடன் புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஏறப் போகிறீர்கள். அங்கே நீங்கள் காக்க வேண்டிய ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: மனிதரின் அந்தரங்கம்.

சுஜாதா 1980களில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடர்கதையில், பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். பெயர்கூட இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. அக்கதையில் மக்களின் வாழ்வை அதிகாரம் பறிக்கிறது. டேவ் எகர்ஸ் 2013இல் வெளியிட்ட 'த சர்க்கிள்' நாவல் வேறொரு பயத்தைக் காட்டியது. ஒரு சமூக ஊடக நிறுவனத்தில் வேலைசெய்யும் இளம்பெண், தன் நாளெல்லாம் உலகம் பார்க்கட்டும் என்று தானே விரும்பிக் கமராவை அணிந்துகொள்கிறாள்.

கொழும்புத் தமிழர் இந்த இரண்டு பயங்களையும் கண்டவர்கள். முதலாவதை 2007 ஜூன் 7ஆம் திகதி கண்டோம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள், கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லையென்று பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்கிற்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுச் செய்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இரண்டாவதை இப்போது காண்கிறோம். எங்கே இருக்கிறாய், யாருடன் வந்தாய், எப்போது திரும்புவாய் என்று அன்று பொலிஸ் கேட்டபோது நமக்கு நா வறண்டது. இன்று அதே விவரங்களைப் படத்துடன் பேஸ்புக்கில் நாமே போடுகிறோம்; எத்தனை பேர் விரும்பினார்கள் என்றும் எண்ணிப் பார்க்கிறோம். அன்று உத்தரவிட்டவர் யார் என்று தெரிந்தது, மனுவில் எதிர்மனுதாரர் இருந்தார். இன்று 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியவர் நாமே. யாருக்கு எதிராக மனு எழுதுவது?

சட்டம் என்ன செய்கிறது? 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் நம் தனிப்பட்ட தரவைக் காக்க இயற்றப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, தள்ளிப்போயின. 2024இன் 9ஆம் இலக்கச் சட்டம் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். நாம் இணையத்தில் பேசுவதைக் கட்டுப்படுத்துவது. அது ஜனவரி 24இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1இல் அமுலுக்கு வந்துவிட்டது. நம்மைக் காக்கும் சட்டம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, நம் வாயைப் பார்க்கும் சட்டத்துக்கு ஒரு வாரம் போதுமாயிற்று.

இந்தியாவில் 2017இல் ஒன்பது நீதியரசர்கள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். நமது 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்த உரிமை தனியாகச் சொல்லப்படவில்லை. அதை வாதாடி வென்றெடுக்கும் வேலை உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது.

பெரிய வழக்கு வரும்வரை சிறிய வழக்குகளில் பழகுங்கள். கட்சிக்காரரின் கைத்தொலைபேசியைத் தா என்று யாரேனும் கேட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கள். உங்கள் கட்சிக்காரரின் கதையை நீங்களே வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். 2007இல் பஸ்களைத் தடுத்தது, ஏன் என்று கேட்ட ஒரு மனு. அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதியை இன்று பெற்றிருக்கிறீர்கள், கேட்கத் தயங்காதீர்கள்.