தேய்ந்த விரல்களும் திறக்காத கதவும்



நம் கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வாங்குபவரும் விற்பவரும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு, விரலைத் தொட்டே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. விரல் ஒப்புக்கொண்டால் பேச்சு முடிந்தது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் மாட்டுச் சந்தையையும் குதிரைச் சந்தையையும் பார்த்து வளர்ந்த நம் பகுதி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விரலுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

அதே விரலை இன்று ஒரு சின்னக் கண்ணாடியின் மேல் வைக்கச் சொல்கிறார்கள். ரேஷன் கடையில் வைக்க வேண்டும். ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் பணம் எடுக்க வைக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்குபவர், தாம் உயிரோடு இருப்பதைக் காட்டவும் வைக்க வேண்டியிருக்கிறது. பல சமயம் பதில் ஒன்றுதான்: "ரேகை விழுகலீங்க அம்மாயி, கையைத் துடைச்சுட்டு மறுபடி வைங்க." மூன்று முறை, நான்கு முறை வைத்துப் பார்க்கிறார். பின்னால் வரிசை நீளுகிறது. கடைசியில் அந்தத் தாய் காலிப் பையோடு, ஏதோ தன் மேல்தான் குற்றம் என்பதுபோல் தலை குனிந்து வீடு திரும்புகிறார்.

நேயர்களே, குற்றம் அவர் மேல் இல்லை. வெற்றிலைக் கொடி கட்டிய கை அது. கரும்பு வெட்டிய கை, சுண்ணாம்பும் சிமெண்டும் குழைத்த கை, மஞ்சள் வேகவைத்த கை. விரல்நுனித் தோலில் உள்ள மேடு பள்ளங்களைத்தான் அந்தக் கருவி படிக்கிறது. கடும் உழைப்பு அந்த மேடுகளைத் தேய்த்துவிடுகிறது. முதுமை தோலை உலர்த்தி மெலியச் செய்கிறது. சில வாரம் வேலைக்குப் போகாமல் கைக்கு ஓய்வு கொடுத்தால் தேய்ந்த ரேகை மெல்லத் திரும்பும் என்கிறார்கள். ஆனால் தினக்கூலிக்குப் போகிறவர், ரேகை திரும்பட்டும் என்று வீட்டில் உட்கார முடியுமா? அதிகம் உழைத்தவரைத்தான் அந்த இயந்திரம் அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. வேதனை இதுதான்.

நாம் தொழில்நுட்பத்தைச் சபிக்க வரவில்லை. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் ஒரு பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டபோது, எந்தச் சான்றும் இல்லாத ஏழையும் தாம் இன்னார் என்று காட்ட முடியும் என்பதுதான் நம்பிக்கையாக இருந்தது. 2016-இல் வந்த யுபிஐ, சில்லறைக்கு அலைந்த இளநீர்க் கடைக்காரருக்கும் பயன்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகத்தைத் தாய் தினமும் பார்க்கிறார். இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் கதவைப் புதிதாக மாற்றும்போது, பழைய சாவியோடு வருகிறவர் வெளியே நிற்கிறாரா என்று பார்ப்பதும் நம் கடமை.

நம் மலைப்பகுதியை நினைத்துப் பாருங்கள். பர்கூர் மலைக் கிராமங்களில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூறு நாள் வேலையில், நாளுக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுத்து வருகையைப் பதிவதை 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். மண் வெட்டியது உண்மை, வியர்வை சிந்தியது உண்மை. படம் ஏறாவிட்டால் வருகைக்கே சிக்கல். சமவெளியில் வேறு விதமான சிக்கல். தாத்தா அந்தியூரில் இருக்கிறார். ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பேரனுடையது. ஓடிபி அங்கே போய் விழுகிறது. பேரன் ஷிப்டு முடிந்து பார்க்கும்போது அது காலாவதி ஆகியிருக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2014-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், நல்ல சமாரியர் உவமையை இந்த இணைய உலகுக்குப் பொருத்திக் காட்டினார். இணையம் கம்பிகளால் ஆன வலையாக இருந்தால் போதாது, மனிதர்களால் ஆன வலையாக வேண்டும் என்பது அவர் கருத்து. கையில் போன் வைத்திருக்கும் நமக்கு அயலார் யார் என்பது அவர் முன்வைத்த கேள்வி.

அந்த உவமையில் ஒன்றைக் கவனியுங்கள். அடிபட்டுக் கிடந்தவர் யார், எந்த ஊர் என்று சமாரியர் சரிபார்க்கவில்லை. காயத்தைப் பார்த்தார், அருகில் போனார். சத்திரத்தில் அவருக்காகத் தம் பையிலிருந்து இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுத்தார். உதவப் போன இடத்தில் அவர் அடிபட்டவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உதவி என்ற பெயரில் முதியோரின் பணம் பறிபோகும் இந்நாளில், இதை நாம் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, திரும்பி வந்தவரிடம் "நாளைக்கு வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். மாற்று வழிகள் உள்ளன. ஆதாருக்காகப் பத்து விரல்களை மட்டுமல்ல, கருவிழியையும் முகத்தையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம், கைப்பேசி எண்ணையும் மாற்றலாம். ஓய்வூதியர்கள் முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்று கொடுக்கும் வசதி 2021-இல் வந்துவிட்டது. ரேஷன் கடைக்கு நடக்க முடியாதவர், தமக்குப் பதிலாக இன்னொருவர் பொருள் வாங்க விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். 70 வயதைக் கடந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டத்தைத் தமிழக அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. 2018 செப்டம்பரில் வந்த ஆதார் வழக்குத் தீர்ப்பில், சரிபார்ப்பு தோற்றுப்போனதற்காகத் தகுதியுள்ளவருக்கு உரியது மறுக்கப்படக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே அந்த அரிசி யாரும் இரக்கப்பட்டுப் போடும் பிச்சை அல்ல. அது அவருடைய உரிமை. இதை அவருக்கு எடுத்துச் சொல்லக் கூட ஒருவர் போனாலே பாதிப் பாரம் குறையும்.

இரண்டாவது, இளையோருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பங்கு வளாகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மணி நேரம். அவ்வளவு போதும். "எனக்கு இந்தப் போனு புரியல கண்ணு" என்று வருகிறவரிடமிருந்து போனைப் பிடுங்கி நான்கு நொடியில் முடித்துக் கொடுப்பது உதவி அல்ல. அவர் விரலாலேயே அழுத்தவிடுங்கள். நேரம் ஆகட்டும். நாம் முதன்முதலில் சிலேட்டில் அகரம் எழுதியபோது நம் கையைப் பிடித்தவர்கள் இவர்கள்தானே! அன்பியக் கூட்டங்களில், வீட்டைவிட்டு வர முடியாதவர் யார் என்று கேட்டு, அவர் வீட்டுக்கே போங்கள்.

மூன்றாவது, உதவி செய்பவர் ரகசிய எண்ணைக் கேட்க வேண்டாம். உதவி பெறுபவர் சொல்ல வேண்டாம். அவர் எண்ணை அழுத்தும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஓடிபி வந்தால், அது எதற்காக வந்தது என்று செய்தி முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். யுபிஐயில் பணம் நம் கணக்குக்கு வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் போவதற்குத்தான் தேவை. இந்த ஒன்றைப் புரியவைத்தாலே பல மோசடிகள் நிற்கும். ரேகை வைத்துப் பணம் எடுத்தால், ஒவ்வொரு முறையும் ரசீது கேட்கச் சொல்லுங்கள். பணம் பறிபோனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஏமாந்தவரை வீட்டில் யாரும் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் பலர் வெளியில் சொல்வதில்லை.

அன்பானவர்களே, உயிர்த்த ஆண்டவர் சீடர்கள் நடுவில் வந்து நின்றபோது எதைக் காட்டினார்? தம் கைகளைக் காட்டினார். தோமா கேட்டதும் அந்தக் கைகளைத்தான். ஆணி துளைத்த கை அது. பிறருக்காகக் காயப்பட்ட அந்தத் தழும்பே அவருக்கு அடையாளமானது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற உழைத்து உழைத்து ரேகை அழிந்த கையை இயந்திரம் அடையாளம் காணாமல் போகலாம். அதே ஆண்டவரைப் பின்பற்றும் நாம் காணாமல் இருக்கலாமா?

இந்த வாரம் உங்கள் தெருவில், காலிப் பையோடு திரும்பிய ஒருவரை விசாரியுங்கள். அடுத்த முறை அவரோடு நீங்களும் போங்கள். அவருக்கு உரியது கிடைக்கும்வரை உடன் நில்லுங்கள்.

இறைவன் உங்கள் கைகளையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.