கட்டுமானப் பணியில் எழுத்தும் பிணையும்



கட்டடம் ஒன்று மண்ணில் எழும்புமுன் எழுத்தில் எழும்புதல் வேண்டும். என்ன கட்டுவது, எப்பொருளால், எவ்வளவில் கட்டுவது என்று சொல்வது செய்குறிப்பு. எவ்விலைக்கு, எந்நாளுக்குள், யார் ஏற்கும்வண்ணம் முடிப்பது என்று சொல்வது உடன்படிக்கை. சொன்னது நடவாதொழியின் அவ்விழப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்வது பிணைமுறி. இம்மூன்றனுள் ஒன்று நொய்தாயினும் பணி நொய்தாகும். சிலவேளை கட்டடம் நிற்கும். ஆனால் அதைக் கட்டியவன் குடும்பமோ, அவனுக்குப் பிணை நின்றவன் குடும்பமோ சாய்ந்துவிடும். ஆகலின் இது பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. கையொப்பமிடும் ஒவ்வொருவர்க்கும் உரியது.

இவையெல்லாம் ஆங்கிலேயர் கொண்டுவந்த புதுமைகள் என்று கருதுவார் உளர். அது பிழை. இத்தாலி நாட்டில் நேப்பிள்சு நகரை அடுத்துப் பொத்சுவோலி என்னும் கடற்கரையூர் உள்ளது. உரோமையர் காலத்தில் அது புத்தியோலி என்னும் பெருந்துறைமுகம். அலக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்ட கலங்கள் அங்கே கரைசேர்ந்தன. அவ்வூரில் செராப்பிசு கோயிலின் எதிரே, சாலைக்கு அப்பால் இருந்த மதிலில் ஒரு வாயில் அமைக்க வேண்டியிருந்தது. அச்சிறு பணிக்காகக் கி.மு. 105-ஆம் ஆண்டு எழுதப்பட்ட உடன்படிக்கை கல்வெட்டாக நமக்குக் கிடைத்துள்ளது. செய்குறிப்பு, உடன்படிக்கை, பிணை ஆகிய மூன்றும் அந்த ஒரே கல்லில் ஒருங்கே உள்ளன.

அக்கல் கூறுவது யாது? மதிலின் நடுவே 6 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள வாயில் திறக்க வேண்டும். கடலை நோக்கி இரண்டு சுவர்முனைகள் 2 அடி நீளத்துக்கு வெளிநிற்க வேண்டும். அவற்றின் தடிப்பு ஒன்றேகால் அடி. வாயிலின் மேல் பாவும் வன்மர விட்டம் 8 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், முக்கால் அடி உயரம் உடையதாதல் வேண்டும். கட்டுமானக் கலவையில் நீற்றிய சுண்ணாம்பு நாலில் ஒரு பங்கு சேர வேண்டும். அடுக்கும் கல் ஒவ்வொன்றும் உலர்ந்த நிலையில் 15 உரோமை இராத்தலுக்கு, அஃதாவது ஏறத்தாழ 5 கிலோவுக்கு, மிகலாகாது. பணி முடிந்தபின் இடத்தைத் துப்புரவாக்கி ஒப்படைக்க வேண்டும். 'அழகிய வாயில்', 'உறுதியான சுவர்', 'தரமான கலவை' என்னும் சொற்களுக்கு அங்கே இடமில்லை. அடியும் பங்கும் எடையுமே பேசுகின்றன.

செய்குறிப்பின் உயிர் இதுவே. 'நல்ல கலவை' என்று எழுதினால், எது நல்லது என்னும் வழக்கு முறைமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கும். 'ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்' என்று எழுதினால் அவ்வழக்குக்கு வேரே இராது. 'போதிய நாள் நீர் ஊற்றுக' என்பது அறிவுரை; 'குறைந்தது 7 நாள் ஈரம் காக்க' என்பது கட்டளை. அளக்க இயலாத சொல் எதுவும் செய்குறிப்புச் சொல்லாகாது.

இனி உடன்படிக்கைப் பகுதியைக் காண்க. வரும் நவம்பர் முதல் நாளுக்குள் பணி முடிதல் வேண்டும். பணி ஏற்கத்தக்கதா என்பதை ஒருவர் தனித்து முடிவு செய்தல் கூடாது. ஊராட்சித் தலைவர்களும் முன்னாள் தலைவர்களுமாக இருபதின்மர்க்குக் குறையாமல் கூட வேண்டும். அவருள் இருபதின்மர் சூளுரைத்து ஏற்றாலன்றிப் பணி ஏற்கப்பட்டதாகாது. ஓர் அலுவலர் தம் விருப்பப்படி 'சரி' என்று எழுதிப் பணத்தை விடுவிக்கும் வழி அங்கே அடைபட்டிருந்தது. பணமும் இரு கூறாகவே கொடுபடும். போதிய நிலம் ஈடாக எழுதப்பட்டபின் ஒரு பாதி; பணி முடிந்து ஏற்கப்பட்டபின் மறு பாதி. இன்றைய முன்பணம், நிறுத்திவைப்புத் தொகை என்னும் இரண்டின் பழைய வடிவம் அதிலே தெரிகிறது.

இறுதியில் வருவது பிணை. பணியை ஏற்றவர் கையசு பிளோசியசு. தொகை 1,500 செசுதெர்சு. அவரே முதற் பிணையராகவும் நிற்கிறார். அவரைத் தொடர்ந்து வேறு நால்வர் பெயர்கள் பிணையராக வெட்டப்பட்டுள்ளன. ஒரு வாயிலுக்கு ஐவர் பிணை! பொதுப்பணம் செலவாகும் இடத்தில் அவ்வளவு விழிப்பு இருந்தது. பிணை நின்றவர் பெயரும், அவர் எதற்குப் பிணை நின்றார் என்பதும் ஒரே கல்லில் அருகருகே நின்றன.

அவையீர்! இன்றைய நிலைக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டினது. அதன் 126-ஆம் பிரிவு பிணை உடன்படிக்கையில் மூவரைக் காட்டுகிறது: கடப்பாடு உடைய முதல்வர், அதைப் பெறும் உரிமையுடையவர், பிணையர். 128-ஆம் பிரிவின்படி, வேறாக எழுதப்படாதவரை, முதல்வரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் பிணையர்க்கும் உண்டு. 'பெயருக்குத்தான் கையொப்பம்' என்று சொல்லி உறவினரை அழைத்துச் செல்வோர் இவ்வொரு வரியை மறைத்தே அழைத்துச் செல்கின்றனர். பெயருக்கு இடும் பிணை என்று சட்டத்தில் ஒன்று இல்லை.

அதே சட்டம் பிணையர்க்குக் காப்பும் அளித்துள்ளது. 133-ஆம் பிரிவின்படி, பிணையரின் இசைவின்றி மூல உடன்படிக்கையை மற்ற இருவரும் மாற்றினால், மாற்றத்துக்குப் பிற்பட்ட நடவடிக்கைகளில் பிணையர் விடுபடுவார். இரண்டு மாடிக்குப் பிணை நின்றவரைக் கேளாமல் மூன்றாம் மாடி சேர்த்தால் அந்தச் சுமை அவர் தலையில் ஏறாது. உண்மையை மறைத்தோ திரித்தோ பெற்ற பிணை செல்லாது என்பன 142, 143-ஆம் பிரிவுகள். பணம் கட்டித் தீர்த்த பிணையர், உரிமையுடையவரின் இடத்தில் நின்று முதல்வரிடம் அதை மீட்கலாம் என்பது 140-ஆம் பிரிவு.

ஆயினும் அச்சிட்ட பிணைமுறிகள் பலவற்றில், '133-ஆம் பிரிவின் காப்பை விட்டுக்கொடுக்கிறேன்' என்னும் பொருள்பட ஒரு வரி நுண்ணெழுத்தில் கிடக்கும். கையொப்பம் விழுந்தவுடன் சட்டம் தந்த காப்பைக் கை தானே துறந்துவிடும். அவ்வரி ஆங்கிலத்தில் இருப்பின், ஆங்கிலம் அறியாதவர் தாம் எதைத் துறந்தார் என்பதையே அறியார்.

வங்கிப் பிணை இன்னும் கடுமையானது. கேட்டவுடன் மறுப்பின்றித் தருவதாக வங்கி எழுதிக் கொடுக்குமாயின், பெரும் ஏமாற்றோ ஈடுசெய்ய இயலாத முறைகேடோ காட்டப்பட்டாலன்றி முறைமன்றங்கள் அதைத் தடுப்பதில்லை. 2022 ஏப்பிரல் முதல் காப்பீட்டு நிறுவனங்களும் பிணைமுறி வழங்க நெறிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. இதைக் காப்பீடு என்று எண்ணி மயங்குதல் ஆகாது. காப்பீட்டில் இழப்பு நிறுவனத்தோடு நிற்கும்; பிணையிலோ, கட்டிய பணத்தை நிறுவனம் பணி ஏற்றவரிடமே திரும்பக் கேட்கும்.

இன்னொன்றும் கருதுக. இப்பிணைகள் பெரும்பாலும் பணி தருவோரையே காக்கின்றன. கூலியாளைக் காப்பது யார்? அமெரிக்க நாட்டில் 1935-ஆம் ஆண்டின் மில்லர் சட்டம் கூட்டரசின் கட்டுமானப் பணிகளுக்கு இரண்டு பிணைகளை வேண்டுகிறது. ஒன்று, பணி முடியும் என்பதற்கு. மற்றொன்று, உழைத்தவர்க்கும் பொருள் தந்தவர்க்கும் பணம் சேரும் என்பதற்கு. செங்கல் சுமந்தவரின் கூலிக்கும் பிணை உண்டு என்னும் இக்கருத்து எந்நாட்டார்க்கும் ஏற்றது.

இங்கே மொழியின் பங்கு வருகிறது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் பிறந்தது. எனினும் தமிழகத்தின் பெரும்பணிகளுக்குரிய ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் பெரிதும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் சொல் இல்லை என்பது சாக்கு. கடைக்கால், மட்டம், தூக்குக்குண்டு, சாரம், கலவை, பூச்சு என்று கொத்தனாரும் சித்தாளும் நாள்தோறும் வழங்கும் சொற்கள் செய்குறிப்பின் பாதியை நிரப்பும். சாமீன் என்பதற்குப் பிணை உண்டு. முச்சலிக்கை என்பதற்கு முறி உண்டு. 'ஒப்பந்ததாரர்' என்று பாரசீக வால் ஒட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் என்றாலே போதும்.

மொழிப்பற்று என்பது மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. ஊரில் ஒருவர் வீடு கட்ட உடன்படிக்கை எழுதும்போது அருகிருந்து அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும் மொழித்தொண்டே. அளவு, கலவை, நாள், தொகை, ஏற்பு, குறை திருத்தும் காலம் ஆகிய ஆறும் அதில் உள்ளனவா என்று பார்க்க. பிணை நிற்பவர், மூல உடன்படிக்கையின் படி ஒன்றைத் தம் கையில் பெறாமல் ஒப்பமிடலாகாது. பிணைத்தொகைக்கு மேல்வரம்பும், பிணை முடியும் நாளும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அறியாத மொழியில் உள்ள முறியை, அறிந்தவர் ஒருவர் வரிவரியாகத் தமிழில் சொன்ன பின்னரே எழுதுகோலைத் தொடுக.

பிணை என்னும் சொல்லுக்குக் கட்டு என்பதே பொருள். தன்னைக் கட்டும் கயிறு எத்துணை நீளம் என்று அறியும் உரிமை, கட்டுண்ணும் ஒவ்வொருவர்க்கும் உண்டு. அவ்வுரிமையை அவரவர் தாய்மொழியில் பெற்றுத் தருவது கற்றவர் கடன்.