தண்டுவடத்துக் கட்டிகள்

மொழிபெயர்ப்பு நமக்குத் தொழில். அலுவலகக் கடிதத்தில் ஒரு சொல் பிசகினால் மறுநாள் திருத்திக் கொள்ளலாம். நோயாளியின் வாய்ச்சொல் பிசகினால் அப்படித் திருத்திக் கொள்ள அவகாசம் கிடைப்பது அரிது. டில்லியில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி இதை நமக்கு உணர்த்திற்று.

நம் குடியிருப்பிலுள்ள ஒரு நண்பரின் வீட்டிற்குத் தஞ்சைப் பக்கத்திலிருந்து அவருடைய தாயார் வந்திருந்தார். அறுபது வயதை நெருங்கிய அம்மையார். 'கால் மரத்துப் போகிறது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை' என்று அவர் அடிக்கடி சொல்லி வந்தார். ஹிந்தியில் சரளமாகப் பேசும் பேரன் அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றான். பாட்டி சொன்னதை அவன் 'காலில் தர்த்' என்று சுருக்கிச் சொன்னான். தர்த் என்றால் வலி. வயதானவர்களுக்குக் கால் வலி என்றதும் முழங்கால் தேய்மானந்தான் நினைவுக்கு வரும். மாத்திரையும் தைலமுமாக நான்கு மாதங்கள் கழிந்தன. அதற்குள் அம்மையாருக்குச் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை.

காலில் தோன்றும் குறைக்குக் காரணம் காலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மூளையின் கட்டளையைக் கைகால்களுக்கும், கைகால்களின் உணர்ச்சியை மூளைக்கும் கொண்டு செல்வது தண்டுவடம். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள இது, முள்ளெலும்புகளாலான குழாய்க்குள் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காவலே சில சமயம் ஆபத்தாகவும் முடிகிறது. உள்ளே ஒரு கட்டி வளர்ந்தால், எலும்பு விலகி இடம் கொடுப்பதில்லை. நசுங்குவது தண்டுவடந்தான்.

இக்கட்டிகளை இருக்கும் இடத்தைக் கொண்டு மூவகையாகப் பிரிப்பார்கள். முதல் வகை, தண்டுவடத்தின் உறைக்கு வெளியே, பெரும்பாலும் எலும்பில் தோன்றுவது. நுரையீரல், மார்பகம் முதலிய உறுப்புகளின் புற்றுநோய் பரவி வருவதே இங்கு மிகுதி. இரண்டாவது வகை, உறைக்கு உள்ளே, ஆனால் தண்டுவடத்திற்கு வெளியே இருப்பது. இவற்றுள் பெரும்பாலானவை புற்று அல்லாதவை, மெல்ல வளர்பவை. மூன்றாவது வகை தண்டுவடத்தின் உள்ளேயே எழுவது. இது குறைவாகவே காணப்படும்.

நோயாளி சொல்லும் விவரத்திற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு 1887-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த சிகிச்சை ஒரு சான்று. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு எட்டு ஆண்டுகள் முந்திய காலம் அது. ஒரு ராணுவ கேப்டனுக்கு முதலில் முதுகில் வலி. பல வைத்தியர்களைப் பார்த்தும் பயனில்லை. பின்னர் கால்கள் செயலற்றுப் போயின. குறிகளை வரிசைப்படுத்திப் பார்த்து, தண்டுவடத்தைக் கட்டி அழுத்துகிறது என்று முடிவு செய்தவர் டாக்டர் வில்லியம் கௌவர்ஸ். அறுவை செய்தவர் முப்பது வயதான விக்டர் ஹார்ஸ்லி. திறந்த இடத்தில் கட்டி இல்லை. இன்னும் சற்று மேலே திறந்தார், கட்டி இருந்தது. அந்தக் கேப்டன் மீண்டும் நடந்தார். தம் வேலைக்கும் திரும்பினார்.

நம் அம்மையாரின் கதைக்கு வருவோம். நண்பர் வேண்டிக்கொண்டதால், ஐந்தாம் மாதத்தில் வேறொரு மருத்துவமனைக்கு நாமும் உடன் சென்றோம். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னோம். 'வலி இல்லை, சுன் ஆகிவிடுகிறது' என்றதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பாதத்திலிருந்து மேல் நோக்கி ஊசி முனையால் மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தார். தொப்புள் மட்டத்தைத் தாண்டியதும், 'இப்போது குத்துகிறது' என்றார் அம்மையார். அடையாளம் கிடைத்துவிட்டது. அன்றே எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார்கள். மார்புப் பகுதித் தண்டுவடத்தின் அருகே, உறையிலிருந்து வளர்ந்த சாதாரணக் கட்டி ஒன்று தெரிந்தது. நடுவயது கடந்த பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் வகை அது.

சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றல்ல. தொல்லை தராத சிறு கட்டியை அவ்வப்போது படம் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும். அழுத்தம் தரும் சாதாரணக் கட்டிக்கு நுண்ணோக்கியின் உதவியோடு செய்யும் அறுவைச் சிகிச்சையே முதன்மையானது. தண்டுவடத்திற்குள் ஊடுருவியதை முழுதும் எடுப்பது கடினம். நரம்புக்குத் தீங்கின்றி எடுக்கக் கூடிய அளவே எடுப்பார்கள். புற்று பரவியிருந்தால் கதிர்வீச்சு, மருந்து, அறுவை ஆகியவற்றுள் ஏற்றதைத் தேர்கிறார்கள். வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்தும் கொடுப்பதுண்டு. புற்று ஓரிடத்தில் பரவித் தண்டுவடத்தை நசுக்கிய 101 நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2005-இல் வெளியாயிற்று. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதத்தினர் சிகிச்சைக்குப் பின் நடக்க முடிந்தது. அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதத்தினர் நடந்தனர். எந்தச் சிகிச்சையாயினும், கால் முற்றிலும் செயலற்றுப் போவதற்கு முன் வருகிறவருக்கே பலன் அதிகம்.

முதுகில் அழுத்தம் என்றவுடன் புற்று என்று நடுங்கவும் வேண்டாம். நம் நாட்டில் முள்ளெலும்பைத் தாக்கும் க்ஷயரோகமும் இதே குறிகளைக் காட்டும். அதைப் பெரும்பாலும் மருந்தாலேயே குணப்படுத்தலாம். ஆகவே, பரிசோதனையைத் தள்ளிப் போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

படுத்தாலும் தணியாமல் இரவில் மிகும் முதுகு வலி, கால் தளர்ச்சி, மரத்துப் போதல், நடை தடுமாற்றம் ஆகியவை கவனிக்க வேண்டிய குறிகள். சிறுநீர் வெளிவராமல் நின்றாலும், தொடையிடுக்கில் உணர்ச்சி அற்றாலும், கால் திடீரென்று தளர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஹிந்தி பேசும் பகுதியில் வாழும் நேயர்கள் சில சொற்களை நினைவில் வைத்துக்கொள்வது நலம். வலிக்கு தர்த், மரத்துப் போவதற்கு சுன், சுருசுருவென்று ஊர்வதற்கு ஜுன்ஜுனி, எரிச்சலுக்கு ஜலன், பலமின்மைக்குக் கம்ஸோரி. பிற மாநிலங்களில் இருப்பவர்கள் அங்குள்ள சொற்களை அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது அந்தக் காகிதம் பயன்படும்.

அறுவைக்குப் பின் அம்மையார் மூன்று மாதங்கள் கோல் ஊன்றினார். இப்போது மலை மந்திரின் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறார். இடது பாதத்தில் மட்டும் மரப்பு சிறிது எஞ்சியிருக்கிறது. அந்த நான்கு மாதங்கள் வீணாகாதிருந்தால் அதுவும் இருந்திராதோ என்று நண்பர் இன்றும் வருந்துகிறார். பேரனை நாம் குறை சொல்வதற்கில்லை. பாட்டியின் சொல்லுக்கு ஹிந்தியில் என்ன என்று அவனுக்கு நம்மில் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.