தீபாவளி போனஸும் பாங்காக் டிக்கெட்டும்



தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் திருப்பூரில் ஒரு சத்தம் நின்றுபோகும். ஆண்டு முழுக்கத் தெருவுக்குத் தெரு கேட்டுக்கொண்டே இருக்கும் பவர்டேபிள் தையல் மெஷின் சத்தம் அது. போனஸ் கைக்கு வந்திருக்கும், கம்பெனிக்குப் பூட்டு விழுந்திருக்கும், ரயில் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட, உள்ளூர்க்காரர்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி பிடிப்பார்கள். இப்போது அந்தப் பேச்சில் வேறு ஊர்ப் பெயர்களும் அடிபடுகின்றன. பாங்காக், பினாங்கு, பாலி, கொழும்பு. ஒரு காலத்தில் எக்ஸ்போர்ட் முதலாளிகள் மட்டுமே போய்வந்த வெளிநாட்டுக்கு, பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவரும் குடும்பத்தோடு போய்வர ஆசைப்படுகிறார். நியாயமான ஆசைதான். கடன் வாங்காமல் அது நிறைவேற வேண்டும்.

காஸ்டிங் போட திருப்பூருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல் கிலோ என்ன விலை, நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங் எவ்வளவு, வேஸ்டேஜ் எத்தனை சதவீதம் என்று பைசா வரை எழுதிப் பார்த்த பிறகுதான் ஆர்டருக்குத் தலையாட்டுவார்கள். அதே ஆட்கள் சுற்றுலா என்று வந்துவிட்டால் விமான டிக்கெட்டை மட்டும் பார்த்து நாட்டை முடிவு செய்துவிடுகிறார்கள். நூல் விலையை மட்டும் விசாரித்துவிட்டு ஆர்டர் எடுத்தால் என்ன ஆகும்?

கோவை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. வீட்டு வாசலில் கார் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் விமான நிலையம். ஆனால் போய் இறங்கிய பிறகு அறை வாடகையும் சாப்பாடும் தென்கிழக்கு ஆசியாவில் வேறெங்கும் இல்லாத விலை. விசாவும் வாங்கியாக வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அது மலிவான ஊராகிவிடாது.

பாலியில் சாப்பாடும் தங்குமிடமும் மலிவு. அங்கே செலவு வாசலிலேயே காத்திருக்கிறது. இறங்கியதும் வாங்கும் விசாவுக்கு 5 லட்சம் ரூப்பியா. 2024 பிப்ரவரி முதல் சுற்றுலா வரி என்று தனியாக 1.5 லட்சம் ரூப்பியா. நம் பணத்தில் ஆளுக்குச் சுமார் 3,500 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் 14,000 ரூபாய் போய்விடும். தாய்லாந்து 2023 நவம்பர் முதலும், மலேசியா 2023 டிசம்பர் முதலும் இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை என்று அறிவித்ததால் அங்கே இந்தச் செலவு அப்படியே மிச்சமாயிற்று. கிளம்பும் முன் இணையத்தில் வருகை அட்டை மட்டும் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் காசு பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன, ஏமாந்துவிடக் கூடாது. விசா விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன என்பதால் டிக்கெட் போடும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

காஸ்டிங்கில் வேஸ்டேஜ் என்று ஒன்று வருமே, பயணத்தில் அது மழை.

வெப்பமண்டல நாடுகளில் குளிர்காலம், கோடைக்காலம் என்ற கணக்கு அவ்வளவாக உதவாது. மழைக்காலமா, மழையில்லாக் காலமா என்பதுதான் கேள்வி. தீபாவளி விழுவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். அந்த நாட்களில் இலங்கையில் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் மழை. பாலியில் மழை தொடங்கும் நேரம். வியட்நாமின் நடுப்பகுதியில் வெள்ளக் காலம். 2025 தீபாவளி முடிந்த மறுவாரம் அங்குள்ள ஹோய் ஆன் பழைய நகரின் தெருக்களில் படகு ஓடியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டது. மலையகத்தில் சரிந்த மண்ணுக்கு அடியில் நம் தோட்டத் தமிழர்களின் லயன் வீடுகளும் போயின. மலிவாகக் கிடைத்த பேக்கேஜில் போய், அறைக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தப் பணம் முழுவதும் வேஸ்டேஜ்தான். ஊரே கிளம்பும் வாரம் என்பதால் டிக்கெட்டும் உச்சத்தில் இருக்கும்.

தீபாவளியைத் தள்ளிவைத்துப் பொங்கலுக்குக் கிளம்பினால் கணக்கு மாறுகிறது. ஜனவரியில் பாங்காக்கில் வானம் தெளிவாக இருக்கும். மலேசியாவின் மேற்குக் கரையில் பினாங்கும் லங்காவியும் போகத் தோதான மாதம் அது. திருப்பூரிலிருந்து காங்கேயம், கரூர் வழியே திருச்சிக்குப் பஸ் ஏறினால், அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம். பத்துமலையில் 272 படி ஏறலாம், தமிழிலேயே விலை கேட்டுச் சாப்பிடலாம். முதல் முறை வெளிநாடு போகும் அம்மா, அப்பாவை அழைத்துப்போவதாக இருந்தால் மலேசியாவை முதலில் வைப்பதே நல்லது. பிள்ளைகளின் மே மாத விடுமுறைதான் தோது என்றால் பாலியும் இலங்கையின் கிழக்குக் கரையும் வெயிலோடு இருக்கும். திருகோணமலைக் கடல் அப்போது குளம்போலக் கிடக்கும்.

இலங்கைக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். கடல் கொந்தளித்ததால் ஒரு வாரத்திலேயே நின்ற சேவை, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். வடகிழக்குப் பருவமழையில் கப்பலை நிறுத்திவிடுவார்கள் என்பதால் தீபாவளிக்கு அதை நம்ப முடியாது. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. சிகிரியா குன்றுக்கு வெளிநாட்டவர் நுழைவுச்சீட்டு 30 டாலருக்கு மேல், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கோ ஏறக்குறையப் பாதிதான். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

பாங்காக்கின் பிராத்துனாம் சந்தையில் திருப்பூர்க்காரரை அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. சட்டையைத் தோளில் வைத்து அளவு பார்க்க மாட்டார். உட்புறம் திருப்பி ஓவர்லாக் தையலை விரலால் நீவுவார், துணியை இழுத்து அதன் கனத்தை, ஜி.எஸ்.எம். கணக்கில், யூகிப்பார். அங்கே பல கடைகளில் மூன்று உருப்படி சேர்த்து எடுத்தால் மொத்த விலை. வாங்கிக் குவித்தவர்களுக்குத் திரும்பும்போதுதான் சிக்கல். மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பை 7 கிலோ மட்டுமே. கவுண்டரில் நின்று கட்டும் கூடுதல் எடைக் கட்டணம், சட்டைகளில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

காஸ்டிங் நன்றாக உட்காரும் நாடு வியட்நாம். இ-விசாவுக்கு அரசுத் தளத்தில் 25 டாலர். 2023 நவம்பரில் திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு விமானம் விட்டார்கள். வடக்கே இருக்கும் ஹனோயில் டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் போடும் குளிர். தெற்கே இருக்கும் ஹோ சி மின் நகரோ பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறையத் திருப்பூர் இருக்கும் அதே தொலைவில், சுமார் 11 பாகையில் இருக்கிறது. டிசம்பரில் மழை ஓய்ந்து இதமான வெயில் அடிக்கும். தெருவோரம் அதே வாழைக்குலை, அதே தேங்காய்.

ஹோ சி மின் நகரின் நடுவே, ட்ருவோங் தின் தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் போய்க் குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். ஊதுவத்தி ஏற்றிவிட்டு, கருவறைக்குப் பின்னால் போய்க் கற்சுவரில் நெற்றியை வைத்து, தங்கள் மொழியில் அம்மனிடம் வேண்டுதலை மெல்லச் சொல்கிறார்கள்.