ஒரு தபால் கார்டு

(பெங்களூரில் எழுதப் படிக்கக் கற்று வரும் தமிழ் மக்களிடையே ஆற்றிய உரை)



நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறீர்கள். பஸ் போர்டு படிக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் உங்களில் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாதா? இந்த வயதில் அதற்கு மேல் எழுதி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்டீர்கள்.

பதிலாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இது கட்டுக்கதை இல்லை. உண்மையில் நடந்தது.

கர்நாடகத்தின் வடக்கே ஹாவேரி மாவட்டம் இருக்கிறது. அங்கே ஷிக்காவ் என்ற ஊரில் 1950-ஆம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் சுதா. அப்பா டாக்டர். படித்த குடும்பம்தான்.

ஆனால் அந்த வீட்டிலும் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஒரு வாரப் பத்திரிகையில் 'காசி யாத்திரை' என்ற தொடர்கதை வந்தது. பேத்தி சுதா அதைப் படித்துக் காட்டுவாள். பாட்டி ஆவலாகக் கேட்பார். ஒரு முறை சுதா கல்யாணத்துக்காக வெளியூர் போனாள். அந்த வாரமும் பத்திரிகை வந்தது. கதை கையில் இருக்கிறது. ஆனால் படிக்க முடியவில்லை! பாட்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பாட்டிக்கு வயது 62. இனி பிறர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தார். பேத்தியையே ஆசிரியை ஆக்கிக்கொண்டார். சரஸ்வதி பூஜைக்குள் படிக்கக் கற்றுக்கொண்டார். பூஜை நாளில் பேத்தியின் காலைத் தொட்டு வணங்கினார். பேத்தியை அல்ல, குருவை வணங்கினார்.

சுதா வளர்ந்தார். இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் பெண்கள் அந்தப் படிப்புக்குப் போவது அபூர்வம். ஹூப்ளியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரி முழுவதும் ஆண்கள். அவர் ஒருவர்தான் பெண். பெண்களுக்குக் கழிப்பறைகூடக் கிடையாது. இந்தக் கஷ்டம் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியும் படித்தார். முதல் மாணவியாகத் தேறினார்.

பிறகு மேல்படிப்புக்கு நம் பெங்களூருக்கு வந்தார். இங்கே இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. 1909-இல் தொடங்கிய கழகம். ஜம்சேட்ஜி டாடா என்பவர் போட்ட திட்டத்தால் உருவானது. அங்கே சுதா படித்தது கணிப்பொறி, அதாவது கம்ப்யூட்டர் படிப்பு.

கணிப்பொறிப் படிப்பு என்றால் என்ன? ஒரு உதாரணம் பார்ப்போம். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு சிறு கருவியைத் தட்டுகிறார். டிக்கெட் வருகிறது. இத்தனை தூரத்துக்கு இத்தனை ரூபாய் என்று அந்தக் கருவிக்குத் தானாகத் தெரியுமா? தெரியாது. யாரோ ஒருவர் கட்டளைகளை வரிசையாக எழுதி உள்ளே வைத்திருக்கிறார். 2023 ஜூன் மாதம் கர்நாடக அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. மாநிலப் பெண்கள் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லாமல் போகலாம் என்றது. உடனே பெண்களுக்குப் பூஜ்யம் ரூபாய் டிக்கெட் வந்தது. கட்டளை மாறினால் கருவி செய்யும் வேலையும் மாறும். இப்படி எழுதும் கட்டளைகளுக்குத்தான் மென்பொருள் என்று பெயர். அதை எழுதுகிறவர் மென்பொருள் பொறியாளர். ஆக, அதுவும் ஒரு எழுத்து வேலைதான்!

1974-ஆம் ஆண்டு. சுதாவின் படிப்பு முடியும் நேரம். ஒரு நாள் கழகத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். டெல்கோ என்ற லாரி கம்பெனிக்கு இன்ஜினியர்கள் தேவை என்று எழுதியிருந்தது. பிற்காலத்தில் அந்தக் கம்பெனி டாடா மோட்டார்ஸ் என்று பெயர் பெற்றது. நல்ல வேலை. நல்ல சம்பளம். ஆனால் கடைசியில் சின்னதாக ஒரு வரி இருந்தது. பெண்கள் மனுச் செய்ய வேண்டியதில்லை என்று அந்த வரி சொன்னது.

சுதாவுக்கு அந்த வேலை வேண்டும் என்றுகூட இல்லை. வெளிநாட்டுக்குப் போய் மேலும் படிக்கவே நினைத்திருந்தார். ஆனால் அந்த வரியைக் கண்டதும் கோபம் வந்தது. ஆண்களை விட நன்றாகப் படித்தவரையும் பெண் என்பதற்காக ஒதுக்குவதா?

கோபம் எல்லோருக்கும் வரும். நமக்கும் வரும். நாம் என்ன செய்வோம்? வீட்டுக்கு வந்து புலம்புவோம். மறந்துவிடுவோம். சுதா என்ன செய்தார்? ஒரு தபால் கார்டு வாங்கினார். டாடா குழுமத்தின் தலைவர் ஜே.ஆர்.டி. டாடாவுக்கே எழுதினார். நாட்டில் எத்தனையோ நல்ல காரியங்களைத் தொடங்கிய டாடா குடும்பத்தின் கம்பெனி, ஆண் பெண் என்று வேறுபாடு பார்ப்பது சரியா என்று கேட்டார். கார்டைத் தபால் பெட்டியில் போட்டார்.

பத்து நாட்களுக்குள் தந்தி வந்தது! பூனாவுக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்னது. போக்குவரத்துச் செலவு கம்பெனியுடையது.

பூனாவில் அதிகாரிகள் நிறையக் கேள்விகள் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சுதா பதில் சொன்னார். அதுவரை அந்தத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே பெண் இன்ஜினியர் யாரும் வேலை செய்ததில்லை என்றார்கள். எங்காவது ஓர் இடத்தில் தொடங்கத்தானே வேண்டும் என்பது சுதாவின் பதில். வேலை கிடைத்தது. டெல்கோவின் முதல் பெண் இன்ஜினியர் ஆனார்.

1978-இல் நாராயண மூர்த்தி என்பவரை மணந்தார். அவரும் இன்ஜினியர். பள்ளி ஆசிரியரின் மகன். 1981-இல் அவரும் நண்பர்களுமாக ஏழு இன்ஜினியர்கள் சேர்ந்து இன்ஃபோசிஸ் என்ற மென்பொருள் கம்பெனியைப் பூனாவில் தொடங்கினார்கள். முதல் போட்ட பணம் 10,000 ரூபாய். அது யார் கொடுத்தது? சுதா சிறுகச் சிறுகச் சேர்த்தது! 1983-இல் கம்பெனி பெங்களூருக்கு வந்தது. இன்று 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்கிறார்கள். அவர்களில் பெண்கள் பல ஆயிரம் பேர்.

சுதா மூர்த்தி பிறகு பெங்களூரில் கல்லூரி மாணவர்களுக்குக் கணிப்பொறி கற்பித்தார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கதைகள் எழுதினார். 1996-இல் தொடங்கிய இன்ஃபோசிஸ் அறக்கட்டளையைப் பல ஆண்டுகள் நடத்தினார். அது பள்ளிகளுக்கு நூலகங்கள் அமைத்தது, கழிப்பறைகள் கட்டியது. 2024-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார்.

நீங்கள் இப்போது நினைப்பீர்கள். "அவர் டாக்டர் வீட்டுப் பெண். பெரிய படிப்புப் படித்தவர். நாம் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். அவர் எங்கே, நாம் எங்கே?"

நியாயமான பேச்சு. அவருக்குக் கிடைத்த வசதி நமக்குக் கிடைக்கவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். எல்லா மனுவுக்கும் பத்து நாளில் பதில் வரும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு முறை எழுதினால் வராது. இரண்டாவது முறை எழுத வேண்டும். மூன்றாவது முறை நாலு பேராகச் சேர்ந்து எழுத வேண்டும். ஆனால் எழுதாத மனுவுக்கு என்றைக்குமே பதில் வராது.

வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது காகிதத்தில் நிற்கும். அதை யாராவது படித்தே ஆக வேண்டும்.

உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லையா? குழாயில் தண்ணீர் வரவில்லையா? ரேஷன் கார்டில் பெயர் விட்டுப் போயிற்றா? இந்த வாரம் ஒரு தபால் கார்டு வாங்குங்கள். மேலே தேதி போடுங்கள். யாருக்கு என்று எழுதுங்கள். என்ன குறை, எத்தனை நாளாக, என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றையும் எழுதுங்கள். கீழே உங்கள் பெயர், விலாசம் எழுதுங்கள். அவ்வளவுதான் மனு.

இங்கே அலுவலகத்துக்குக் கன்னடத்தில் எழுதினால் நல்லது. முதலில் தமிழில் நீங்களே எழுதுங்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். அவர்களைக் கன்னடத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படியே இரண்டு கன்னட எழுத்தும் கற்றுக்கொள்ளுங்கள். பேத்தியிடம் கற்பதில் வெட்கம் என்ன? அந்தப் பாட்டி 62 வயதில் வெட்கப்படவில்லையே!

அடுத்த வாரம் வரும்போது எழுதிய கார்டைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம். சேர்ந்தே போய்த் தபால் பெட்டியில் போடுவோம்.